கோயில் மாத்திரை

எங்கள் பக்கத்து மருந்துக்கடைகளில் பெயர் சொல்லிக் கேட்கத் தேவையில்லாத மாத்திரை ஒன்று உண்டு. "கோயிலுக்குப் போகணும்" என்று சொன்னால் போதும். கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் ஒரு அட்டையைக் காகிதத்தில் சுற்றி நீட்டிவிடுவார். மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை அது. திருவிழா, கல்யாணம், புதுமனை புகுவது என்று எது வந்தாலும் வீட்டுப் பெண்கள் நாங்கள் அதை விழுங்கிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்போம். டாக்டர் சீட்டும் கிடையாது, கேள்வியும் கிடையாது. அந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டுதான் நான் பிள்ளை வரம் கேட்டு விரதம் இருந்தேன். சிரிக்க நினைப்பவர்கள் இங்கேயே சிரித்துக்கொள்ளலாம். பின்னால் அதற்கு இடம் இருக்காது.

நான் பிறந்தது அனுமந்தன்பட்டி. தொண்ணூறுகளின் கடைசியில் காமயகவுண்டன்பட்டிக்கு வாக்கப்பட்டேன். கணவர் செல்லப்பாண்டிக்குத் திராட்சைத் தோட்டம். அதிகம் பேசாத மனுஷர். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த இடத்தில் இருந்தவர் கணவரின் அக்கா பாண்டியம்மாள். நான் மதினி என்று கூப்பிடுவேன். தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர், அடுத்த தெருவில் வீடு. காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் என் அடுப்படியை எட்டிப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

வயதுக்கு வந்ததிலிருந்தே எனக்கு அந்த நாட்களில் வலி உண்டு. அடிவயிற்றில் ஆரம்பித்து இடுப்பைச் சுற்றிக்கொண்டு தொடை வரைக்கும் இறங்கும். வெளிக்கு இருக்கப் போனால் உயிர் போய் வரும். அதை வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கும், அதனால் சொன்னதில்லை. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று அம்மா சொன்னாள். கல்யாணம் ஆயிற்று. ஒரு பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்று இங்கே சொன்னார்கள். பிள்ளைதான் வரவில்லை. மதினி மட்டும் மாதாமாதம் உப்பை வறுத்துத் துணியில் முடிந்துகொண்டு வந்து ஒத்தடம் கொடுப்பார். என் முதுகைத் தடவிக்கொண்டே, "பல்லக் கடிச்சுக்க ஆத்தா, இப்ப எறங்கிரும்" என்பார்.

கல்யாணமாகி இரண்டாவது வருடம் ஊர் அம்மன் கோயில் திருவிழா வந்தது. மதினி எனக்காக நேர்ந்திருந்தார்.

"நாளு சரியா அன்னைக்குத்தான் வருது புள்ள. நீ தீச்சட்டி எடுக்கணும்னு நேந்திருக்கேன். இந்தா, இதப் போட்டுக்க."

அட்டையைக் கையில் திணித்தார். போட்டுக்கொண்டேன். தீச்சட்டி எடுத்தேன். அந்த மாதம் எனக்கு வலியே இல்லை. அத்தனை வருடத்தில் வலியில்லாமல் கழிந்த முதல் மாதம் அது. மதினிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆத்தா கண்ணத் தொறந்துட்டா" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கும் அப்படித்தான் பட்டது. வலி போன உடம்பு எதையும் நம்பும்.

அடுத்து அவர் சொன்னதுதான் மண்டல விரதம். ஒரு மண்டலம், விடிவதற்கு முன் குளித்து, ஈரத்துணியோடு கோயிலைச் சுற்ற வேண்டும். நடுவில் ஒரு நாள்கூடத் தடங்கல் வரக்கூடாது. தடங்கல் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. தடங்கல் வராமலிருக்க வழிதான் கடையில் இருந்ததே. விரதம் முடிகிற வரை மாத்திரை விழுங்கினேன், அதுவரைக்கும் வலி இல்லை. மாத்திரையை நிறுத்தியதும் சேர்த்துவைத்து வந்தது. தரையில் புரண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து மதினி கணக்குப் போட்டார்.

"பாத்துக்க. விரதத்துல இருக்கையில வலி வந்துச்சா? வரல. விட்ட ஒடனே வருது. ஆத்தா என்ன சொல்றா? விடாதங்கறா."

அந்தப் பேச்சில் ஓட்டை எங்கே என்று எனக்கும் தெரியவில்லை, என் கணவருக்கும் தெரியவில்லை. மறுபடி விரதம். மறுபடி மாத்திரை. விரதத்துக்கு விரதம், நிறுத்திய பிறகு வரும் வலி கூடியது. ஊரில் யாரோ குலதெய்வக் குற்றம் என்றார்கள். யாரோ என் காலடி ராசி என்றார்கள். மூன்றாவது விரதம் முடித்த பிறகு, மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் இடது பக்கம் ஏதோ கனத்துக்கொண்டு கிடந்தது. குனிந்தால் அது தாமதமாகக் குனிந்தது. எனக்குள் என்னைத் தவிர வேறு ஏதோ இருக்கிறது என்று அப்போதுதான் முதல் தடவையாகப் பயந்தேன்.

தோட்டத்தில் திராட்சைக் கொடிகளுக்குக் கவாத்து வெட்டு நடந்துகொண்டிருந்தது. ஆட்களுக்குக் காபித் தூக்கைக் கொண்டுபோனவள் பந்தலுக்கடியில் சுருண்டு விழுந்தேன். கணவர் வெட்டுக்கத்தரியை இடுப்பில் செருகியபடியே என்னைத் தேனிக்குக் கொண்டுபோனார். ஸ்கேன் அறையில் கத்தரியைப் பார்த்து நர்ஸ் கத்திய பிறகுதான் அது அங்கே இருப்பதே அவருக்குத் தெரிந்தது.

வயிற்றில் குளிர்ந்த களிம்பைத் தடவி, கருவியை இழுத்துப் பார்த்த டாக்டர் இடது பக்கத்தில் அதை நெடுநேரம் நிறுத்தி வைத்திருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கணவரிடம் பேசினார்.

"சினைப்பையில கட்டி மாதிரி இருக்கு. பெருசா இருக்கு. இங்க வச்சுப் பார்க்கிறது இல்ல. மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க, தள்ளிப் போடாதீங்க."

கட்டி என்றால் எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்தான். ஊர் வந்து சேரும் வரை பஸ்ஸில் கணவர் ஸ்கேன் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

மதுரைக்குக் கணவரோடு மதினியும் கூட வந்தார். அங்கே ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் கூடம் ஒன்றுதான். வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களும் வயிறு வாய்க்காதவர்களும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார வேண்டும். நாலு சுவரிலும் கொழுகொழுவென்று குழந்தைப் படங்கள். எந்தப் புண்ணியவான் அங்கே அவற்றை மாட்டினானோ, அவனை அந்த நாற்காலியில் ஒரு நாள் உட்கார வைக்க வேண்டும். பக்கத்தில் இருந்த பெண் என்னிடம், "உங்களுக்கு எத்தனாவது மாசம்?" என்று கேட்டாள். எனக்கு முந்திக்கொண்டு மதினி, "வயித்து வலிக்கு வந்திருக்கம்மா" என்றார். சொல்லிவிட்டு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். அவசரமில்லாமல் கேட்டார். எப்போதிருந்து வலி, எங்கே வலி, வெளிக்குப் போகும்போது வலிக்குமா. அதுவரை யாரும் கேட்காத கேள்வி. ஆமாம் என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வலியே இல்லாத மாசம்னு ஏதாவது இருந்திருக்கா?"

மதினிக்குப் பெருமை தாங்கவில்லை. "இருந்துச்சு டாக்டரம்மா. வெரதத்துல இருக்கையில எல்லாம் வலி வராது. ஆத்தா காவல் இருந்தா."

"விரதத்துல என்ன சாப்பிடுவாங்க?"

"ஒருபொழுதுதான். பாலு, பழம். பெறகு இது."

அடுத்த வாரம் ஒரு காதுகுத்து இருந்தது. அதற்காக மதினியின் பையில் புது அட்டை ஒன்று தயாராக இருந்தது. அதை எடுத்து மேசை மேல் வைத்தார். டாக்டரம்மா அதைத் திருப்பிப் பார்த்தார். எத்தனை நாள், எத்தனை தடவை என்று கேட்டுக்கொண்டார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு எங்கள் மூவரையும் பார்த்துச் சொன்னார்.

"இது ஹார்மோன். இது உடம்புல ஓடுற வரைக்கும் கர்ப்பப்பை தன் வேலையை நிறுத்திடும். அதனாலதான் வலி நின்னது. அந்த நாள்ல கருவும் நிக்காது. நீங்க பிள்ளைக்காக இருந்த விரதம் அத்தனையும் பிள்ளை வராத நாளாப் பார்த்து இருந்திருக்கீங்க."

மதினி அட்டையை எடுக்கக் கை நீட்டினார், எடுக்காமலே கையை இழுத்துக்கொண்டார்.

"அவங்களைத் திட்டாதீங்க," என்றார் டாக்டரம்மா என்னிடம். "இந்த நோய்க்கு இதே மருந்தை நாங்களும் குடுக்கிறதுண்டு. ஆனா பிள்ளை வேணும்னு நினைக்கிற நேரத்துல இல்ல. அதோட உங்களுக்குப் பிள்ளை நிக்காததுக்கு மாத்திரை மட்டும் காரணம் இல்ல. பெரிய காரணம் உள்ள இருக்கு."

திரும்பும் பஸ் உசிலம்பட்டியைத் தாண்டியபோது மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "நானே உனக்கு வெசத்த வச்சுட்டேனே ஆத்தா" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே வந்தது. ஆனால் உப்பு வறுத்த சட்டியைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள் அவர் மடியில் கிடந்தன. ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

கட்டியை எடுக்க ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். ஆபரேஷன் என்றால் வயிற்றைக் கிழிப்பதில்லை. தொப்புளுக்குப் பக்கத்தில் சின்ன ஓட்டைகள் போட்டு, ஒன்றின் வழியாகக் கேமராவை இறக்குகிறார்கள். மயக்கம் தெளிந்து நான் வாந்தியும் தொண்டை எரிச்சலுமாகக் கிடந்தபோது கணவரைக் கூப்பிட்டு டி.வி.யில் உள்ளே எடுத்த படத்தைக் காட்டியிருக்கிறார்கள். பார்த்துவிட்டு வந்தவர் என் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உள்ள எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கெடக்கு புள்ள," என்றார். "கொடலு கர்ப்பப்பையோட ஒட்டிக் கெடக்கு. எடது பக்கச் சினைப்பைய எடுத்துட்டாக. காப்பாத்த முடியலன்னு சொன்னாக."

கட்டி புற்று இல்லை. அதற்குச் சந்தோஷப்பட வேண்டுமாம். உள்ளே தேங்கிக் கெட்டியான பழைய ரத்தம், உருக்கிய சாக்லேட் நிறத்தில் இருந்ததால் அதற்குச் சாக்லேட் கட்டி என்றே பெயர். அதற்குப் பிறகு எனக்குச் சாக்லேட்டைப் பார்த்தாலே ஆகாது.

மறுநாள் டாக்டரம்மா கட்டிலோரம் வந்து உட்கார்ந்து விளக்கினார். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கர்ப்பப்பையின் உள் உறை மாதாமாதம் உதிர்ந்து ரத்தத்தோடு வெளியே போகிறது. அதில் கொஞ்சம் குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள்ளும் சிந்தும். பெரும்பாலான பெண்களுக்கு அப்படி நடக்கிறது, உடம்பு அதைத் துடைத்துவிடுகிறது. என்னைப் போன்றவர்களுக்குத் துடைபடுவதில்லை. சிந்திய செல்கள் கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொண்டு, அங்கேயே வளர்ந்து, மாதாமாதம் அங்கேயே ரத்தம் விடுகின்றன. எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர்.

எப்படி ஒட்டுகிறது என்று கேட்டேன். ஒவ்வொரு செல்லின் மேலும் பிடிமானத்துக்கென்று சில புரதங்கள் இருக்கின்றனவாம். ஒட்டு மூலக்கூறுகள். கேடெரின் என்ற வகை பக்கத்துச் செல்லைக் கைகோத்துப் பிடித்துக்கொள்ளும். இன்டெக்ரின் என்ற வகை தான் உட்கார்ந்திருக்கிற தரையைப் பிடித்துக்கொள்ளும். இந்த நோயில் சில செல்கள் பக்கத்துச் செல்லின் கையை உதறிவிடுகின்றன, போய் விழுந்த தரையை இறுகப் பிடிக்கின்றன. இதெல்லாம் இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, இதைச் சோதிக்க இங்கே வசதியும் இல்லை, சரிசெய்ய மருந்தும் இல்லை என்று அவர் ஒளிக்காமல் சொன்னார்.

கணவர் அதிசயமாக வாய் திறந்தார். "கண்ட எடத்துல ஒட்டுதே, அப்ப கரு வந்தா நல்லா ஒட்டிக்கிரும்ல?"

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார். "அதுதான் இல்லைங்க. கரு வந்து ஒட்டுறதுக்குக் கர்ப்பப்பை மாசத்துல சில நாள்தான் தயாரா இருக்கும். அந்த நாள்ல அங்க ஒரு இன்டெக்ரின் நிறைய இருக்கணும். இந்த நோய் இருக்கிற சில பேருக்கு அது போதுமான அளவு வர்றதில்ல."

ஒட்டக்கூடாத இடத்தில் ஒட்டுகிறது, ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்ட மறுக்கிறது. அவர் போன பிறகு கணவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உரித்ததை எனக்குக் கொடுக்கவும் இல்லை, அவர் சாப்பிடவும் இல்லை.

அதன் பிறகு மாதம் ஒரு ஊசி. வலி போயிற்று, மாதவிலக்கு போயிற்று, அந்த வயதிலேயே கிழவிபோல உடம்பு கொதித்தது. நிம்மதியாகத் தூங்கினேன். ஆனால் ஊசி போடும் வரை பிள்ளை கிடையாது. பிள்ளை வேண்டுமென்றால் ஊசியை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் நோய் திரும்ப வரும். அது முழுதாகத் திரும்பி மிச்சமிருக்கும் வலது பக்கத்தையும் தின்பதற்குள் கரு தங்கினால் உண்டு. எனக்கு விதித்திருந்தது அந்த இடைவெளி மட்டும்தான். நிறுத்திவிடுங்கள் என்றேன்.

"நாள் தள்ளிப்போனா சந்தோஷப்பட்டுட்டு வீட்ல உக்காந்துடாதீங்க," என்றார் டாக்டரம்மா. "அன்னிக்கே இங்க வரணும். ஒரு பக்கமா வலிச்சா எந்த நேரமானாலும் வரணும். உங்களுக்குக் கரு குழாயிலேயே ஒட்டிக்கிற ஆபத்து மத்தவங்களைவிட அதிகம்."

வலி திரும்பி வந்தது. முதலில் பழைய விருந்தாளிபோலக் கதவைத் தட்டிவிட்டு வந்தது, பிறகு தட்டாமலே வந்தது. ஒவ்வொரு மாதமும் வலி வந்தால் அந்த மாதம் பிள்ளை இல்லை, ஆனால் மிச்சமிருந்த வலது பக்கம் இன்னும் வேலை செய்கிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். மதினி உப்பு ஒத்தடத்தோடு வருவார். முன்போல ஆறுதல் சொல்வதில்லை.

மறுபடியும் திருவிழாவுக்கு நாள் குறித்து ஊரில் சாட்டினார்கள். காப்புக் கட்டும் அன்று மதினி வாசலில் வந்து நின்றார். கையில் அட்டை இல்லை.

"நாளு என்னைக்கு புள்ள?"

"போன வாரமே வந்திருக்கணும் மதினி."

அவர் உள்ளே வரவில்லை. நிலைப்படியைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தார். நாள் தப்பியதுமே மதுரைக்குப் போயிருக்க வேண்டும், ஏமாந்துவிடுவோமோ என்ற பயத்தில் நாளைக் கடத்தியிருந்தேன். எனக்கு வலது பக்கம் சின்னதாக ஒரு குத்தல் இரண்டு நாளாக இருந்தது. அதையும் சொன்னேன். சிரிக்க வந்த முகம் பாதியில் நின்றது.

எங்கள் ஊரில் காப்புக் கட்டினவர்கள் திருவிழா முடியும் வரை ஊர் எல்லை தாண்டிப் போய்த் தங்கக்கூடாது. தங்கினால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். மதினி அன்று காலையில்தான் கட்டியிருந்தார். மஞ்சள் கயிறு ஈரம்கூடக் காயவில்லை. அந்தக் கையாலேயே என் துணிமணிகளை மடித்துப் பையில் வைத்தார், எங்களோடு மதுரை பஸ் ஏறினார். கணவர், "அக்கா, காப்பு" என்றதற்கு, "ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன், நீ டிக்கெட் எடு" என்று சொல்லிவிட்டார்.

ரத்தப் பரிசோதனையில் கரு உண்டு என்று வந்தது. ஸ்கேனில் கர்ப்பப்பை காலியாக இருந்தது.

"ரெண்டு அர்த்தம் இருக்கு," என்றார் டாக்டரம்மா. "ரொம்பச் சின்னதா இருக்கலாம், இன்னும் தெரியல. இல்லன்னா வேற எங்கயோ இருக்கு. படுத்துக்குங்க, பார்ப்போம்."

அப்படித்தான் அந்த நாட்கள் ஆரம்பித்தன. ஒன்றுவிட்டு ஒரு நாள் ரத்தம் எடுப்பார்கள். கர்ப்பம் சரியான இடத்தில் இருந்தால் ரத்தத்தில் அந்த ஹார்மோன் சீராகக் கூடிக்கொண்டே போக வேண்டும். எனக்குக் கூடியது, கூட வேண்டிய அளவுக்குக் கூடவில்லை. பிள்ளை இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. இதைவிட மோசமான ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை. குமுளிப் பக்கத்து நர்ஸ் ஒருத்தி ஊசியோடு வரும்போதெல்லாம், "பேடிக்கண்ட சேச்சி" என்பாள். பயப்படாதே என்று அர்த்தம். பயப்படாமல் இருக்க எனக்கும் ஆசைதான். இருமினால், புரண்டால், சிறுநீர் கழித்தால் குத்தல் கூடியதா குறைந்ததா என்று வயிற்றையே கவனித்துக்கொண்டு கிடந்தேன்.

மதினி கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்தார். கையில் காப்பைப் பார்த்து அந்த நர்ஸ் என்ன என்று கேட்டாள். "எங்க ஊரு கட்டுப்பாடு தாயி" என்றார் மதினி. ஊரில் தீச்சட்டி எடுக்கும் நாள் வந்தது, போனது. கணவர் தோட்டத்துக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்தார். ஒரு தடவை ஒரு கொத்து பன்னீர் திராட்சை கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிட்டு, என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன வேண்டிக்கிட ஆத்தா?" என்று மதினி ஒரு சாயங்காலம் கேட்டார். என்னைக் கேட்காமலே நேர்ந்துகொண்டிருந்தவருக்கு, கேட்டு வேண்டிக்கொள்ளும் அளவுக்குப் பயம் வந்திருந்தது.

"சரியான எடத்துல ஒட்டியிருக்கணும்னு மட்டும் வேண்டிக்கங்க மதினி."

அடுத்த ஸ்கேனுக்கு டாக்டரம்மாவே வந்தார். மதினி கூட வரலாம் என்றார். களிம்பு, குளிர், கருவி. கர்ப்பப்பையின் மேல் கொஞ்ச நேரம். அங்கே ஒன்றும் இல்லை. பிறகு கை வலது பக்கம் நகர்ந்தது. அங்கேயே நின்றது.

"இருக்கு," என்றார். திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கறுப்பில் ஒரு சின்ன வளையம், அதற்குள் அரிசிமணி அளவுக்கு ஏதோ ஒன்று. அதன் நடுவில் மினுக் மினுக்கென்று துடித்தது.

"அந்தா மினுங்குதே!" என்றார் மதினி. "உசிரு இருக்கா டாக்டரம்மா?"

"இருக்கு. ஆனா குழாயில ஒட்டியிருக்கு. அங்க வளர இடம் இல்ல. விட்டா குழாய் வெடிச்சு இவங்க உயிருக்கே ஆபத்து. இன்னிக்கே எடுத்தாகணும்."

மதினி திரைக்குக் கிட்டப் போனார். காப்புக் கட்டிய கையை நீட்டி அந்த மினுக்கத்தைத் தொட்டார், பிறகு கொஞ்சம் தள்ளி காலியாகக் கிடந்த கர்ப்பப்பையைத் தொட்டார்.

"அங்கன இருந்து எடுத்து இங்கன வைக்க முடியாதா டாக்டரம்மா? கிட்டத்தான இருக்கு."

டாக்டரம்மா கருவியை எடுத்து வைத்தார். ஒரு துணியை எடுத்து என் வயிற்றிலிருந்த களிம்பைத் துடைத்தார். எனக்கும் அதே கேள்விதான் இருந்தது. மதினி கேட்டுவிட்டதால் நான் கேட்கவில்லை.